பாக்கெட் யாருடையது என்பதை எங்கே எழுதுவது? கிளவுட் நெட்வொர்க்குக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ்-இல் கணக்கு தொடங்கும் எவருக்கும் தானாகக் கிடைக்கும் வி.பி.சி.யின், அதாவது கிளவுடுக்குள் அவருக்கான தனி மெய்நிகர் நெட்வொர்க்கின், முகவரி வரம்பு 172.31.0.0/16. எல்லாருக்கும் அதே வரம்புதான். தாமாகத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் 10.0.0.0/16-இல் போய் நிற்கிறார்கள். பல வாடிக்கையாளர்களின் போக்குவரத்தைப் பொதுவான ஃபயர்வால் தொகுப்பு ஒன்றின் வழியாக அனுப்பும் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். 172.31.4.17 என்ற முகவரியிலிருந்து ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு) வருகிறது. அது எந்த வாடிக்கையாளரின் சர்வர் என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஐ.பி. முகவரிதான் அடையாளம் என்று பழகிவிட்ட நமக்கு, கிளவுட் முதலில் பறிப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

ஆகவே பாக்கெட்டோடு வேறு ஏதாவது சேர்ந்து பயணிக்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் எண், நுழைந்த வாசலின் எண், பாதுகாப்புக் குழுவின் எண், சில சமயம் தடம் பிடிப்பதற்கான ஓர் எண். இவற்றை எழுத இடங்கள் பல உண்டு: ஐ.பி. ஹெடர் (ஹெடர் என்பது பாக்கெட்டின் தலைப்பகுதி), டி.சி.பி. ஹெடர், ஒரு பாக்கெட்டை முழுதாக இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் டனல் உறையின் ஹெடர், இணைப்பின் முதல் பைட்டுகள், எச்.டி.டி.பி. ஹெடர். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பலரும் வேகத்தை அளந்து விடை தேடுகிறார்கள். வேகம் இரண்டாம்பட்சம் என்பது என் கருத்து. அந்தத் தகவலை யார் படிக்க வேண்டும், வழியில் யார் அதன்மேல் கை வைப்பார்கள் என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொண்டால் பாதி வழிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

ஐ.பி. ஹெடர்: வேண்டாம்

முதலில் உதிர்வது ஐ.பி. ஹெடர். ஐ.பி.வி4-இல் ஹெடரின் நீளத்தைச் சொல்லும் புலம் 4 பிட் மட்டுமே. அதனால் ஹெடர் 60 பைட்டைத் தாண்டாது. கட்டாயப் பகுதி 20 பைட் போக, கூடுதல் புலங்களுக்கு 40 பைட் மிஞ்சும். தாளில் பார்த்தால் தாராளமான இடம். நடைமுறையில் அப்படிப்பட்ட பாக்கெட்டை ரவுட்டர்கள் வேகப் பாதையிலிருந்து விலக்கித் தங்கள் மைய செயலிக்கு அனுப்பும், அல்லது கைவிட்டுவிடும். இந்தப் புலங்களில் எவற்றை வடிகட்டலாம் என்று ஆலோசனை சொல்வதற்கென்றே 2014-இல் ஆர்.எஃப்.சி. 7126 எழுதப்பட்டது (ஆர்.எஃப்.சி. என்பது இணைய நெறிமுறைகளுக்கான ஆவண வரிசை). ஐ.பி.வி6-இல் கூடுதல் ஹெடர்களுக்கு வடிவமைப்பிலேயே முறையான இடம் உண்டு என்றாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2016-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7872, அத்தகைய பாக்கெட்டுகள் பொது இணையத்தில் வழியிலேயே கைவிடப்படுவதை அளந்து காட்டியது.

கிளவுடுக்குள் இது இன்னும் கடுமை. நாம் பார்க்கும் நெட்வொர்க் உண்மையான கம்பி இல்லை. சர்வரின் அடியில் இருக்கும் மெய்நிகர் சுவிட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்து, தனக்குத் தெரிந்த வடிவம் என்றால் மட்டுமே அனுப்புகிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரின் ஆவணம், மெய்நிகர் நெட்வொர்க்குக்குள் ஐ.பி.க்குள் ஐ.பி. வைத்த பாக்கெட்டுகளும் ஜி.ஆர்.இ. என்ற டனல் உறையின் பாக்கெட்டுகளும் தடுக்கப்படும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இரண்டும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள நெறிமுறைகள். அவற்றுக்கே அந்தக் கதி என்றால் நாமாகச் சேர்த்த ஒரு புலத்துக்கு என்ன உத்தரவாதம்?

குபர்நெட்டிஸுக்கு நெட்வொர்க் அமைத்துத்தரும் சிலியம் திட்டத்தின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. பல சர்வர்களில் மென்பொருளைப் பரப்பி ஓட்டும் குபர்நெட்டிஸ் தொகுப்பில் வெளியிலிருந்து வரும் பாக்கெட் முதலில் ஒரு கணுவுக்கு, அதாவது ஒரு சர்வருக்கு, வருகிறது; அந்தக் கணு அதை வேறொரு கணுவில் இருக்கும் பாடுக்கு (மென்பொருள் ஓடும் அலகு) அனுப்புகிறது. பதில் முதல் கணுவைத் தொடாமல் நேராக வாடிக்கையாளருக்குப் போக வேண்டுமானால், இரண்டாவது கணுவுக்கு அசல் சேவையின் முகவரியும் போர்ட்டும் தெரிந்திருக்க வேண்டும். சிலியம் முதலில் அதை ஐ.பி.வி4 கூடுதல் புலத்திலும், ஐ.பி.வி6 கூடுதல் ஹெடரிலும் வைத்து அனுப்பியது. சில பொது கிளவுடுகளில் அடித்தள நெட்வொர்க் இந்தப் புலங்களைக் கைவிடக்கூடும் என்ற எச்சரிக்கை அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. பின்னர் அதே தகவலை ஜெனீவ் என்ற யு.டி.பி. டனல் உறையில் வைத்து அனுப்பும் வழியும் சேர்க்கப்பட்டது. திறமையான பொறியாளர்கள் ஐ.பி. ஹெடரில் தொடங்கி யு.டி.பி. உறைக்கும் வழி வகுத்தார்கள் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

ஐ.பி. ஹெடரிலேயே இருக்கும் டி.எஸ்.சி.பி. என்ற 6 பிட் புலத்தைச் சிலர் நினைவூட்டுவார்கள். 64 மதிப்புகள், முன்னுரிமையைக் குறிக்கத்தான் அது பிறந்தது. வாடிக்கையாளர் எண்ணை அங்கே திணிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். முன்னுரிமை என்று வாசிக்கும் சாதனம் வழியில் ஒன்று இருந்தாலும் போக்குவரத்தின் நடத்தையே மாறிவிடும்.

டி.சி.பி. ஹெடரின் கூடுதல் புலங்களுக்கும் 40 பைட் உச்சவரம்புதான். இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டில் எம்.எஸ்.எஸ். (ஒரு பாக்கெட்டில் அடங்கும் தரவின் உச்ச அளவு), ஜன்னல் அளவின் பெருக்கி, சாக் (வந்துசேர்ந்த துண்டுகளைத் தனித்தனியே ஒப்புக்கொள்ளும் வசதி) அனுமதி, நேர முத்திரை ஆகியவை ஏற்கெனவே 20 பைட்டை எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் ஒரு ஐ.பி.வி4 முகவரியும் போர்ட்டும் தாராளமாக அடங்கும். வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்கு அசல் வாடிக்கையாளரின் முகவரியைச் சொல்ல இந்த வழியைக் கையாள்பவர்கள் இருக்கிறார்கள். இரு முனைகளின் கர்னலும் (இயங்குதளத்தின் கரு) உங்கள் கையில் இருந்தால் ஓடும். நடுவில் டி.சி.பி. இணைப்பை முடித்துப் புதிதாகத் தொடங்கும் பெட்டி ஒன்று வந்தால் தகவல் அங்கேயே நின்றுவிடும். யு.டி.பி. போக்குவரத்துக்கு இதில் இடமே இல்லை. யு.டி.பி.யின் மேல் ஓடும் குவிக் நெறிமுறை வளர்ந்துவரும் காலத்தில் அது சிறிய குறை அல்ல.

வி.எக்ஸ்.லேன்: 24 பிட்டுக்குள் அடங்கினால்

டனல் உறைகள்தான் உண்மையான போட்டியாளர்கள். காரணம் எளிது. வெளியே பார்ப்பவருக்கு அது சாதாரண யு.டி.பி. பாக்கெட். கிளவுடின் மெய்நிகர் சுவிட்ச் வெளி முகவரியையும் போர்ட்டையும் பார்த்து அனுப்பிவிடும். உள்ளே இருப்பது அதற்கு வெறும் தரவு. நம் தகவல் அந்தத் தரவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

2014-இல் ஆர்.எஃப்.சி. 7348-ஆக வெளிவந்த வி.எக்ஸ்.லேன் என்ற டனல் உறை, யு.டி.பி. 4789 போர்ட்டில் 8 பைட் ஹெடரோடு வருகிறது. அதில் நமக்குப் பயன்படுவது வி.என்.ஐ. என்ற 24 பிட் நெட்வொர்க் எண், சுமார் 1.68 கோடி மதிப்புகள். ஒரே நெட்வொர்க்கைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் பழைய வி-லேனின் 12 பிட், அதாவது 4096 என்ற நெருக்கடியிலிருந்து விடுபடத்தான் இது பிறந்தது. நெட்வொர்க் கார்டுகள், சுவிட்ச் சில்லுகள், லினக்ஸ் கர்னல் என எங்கு பார்த்தாலும் ஆதரவு உண்டு. ஏ.டபிள்யூ.எஸ்-இன் போக்குவரத்துப் பிரதிச் சேவை, பாக்கெட் நகல்களை வி.எக்ஸ்.லேனில்தான் அனுப்புகிறது; எந்தப் பிரதி அமர்வு என்பதை வி.என்.ஐ. சொல்லிவிடும்.

ஓர் எண் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போக்குவரத்தை ஃபயர்வால்களுக்குத் திருப்பிவிடும் அஸூரின் கேட்வே லோடு பேலன்சர் அப்படித்தான் செய்கிறது. ஃபயர்வாலுக்கு அது சொல்ல வேண்டியது ஒரே ஒரு செய்தி: பாக்கெட் வெளியிலிருந்து வருகிறதா, உள்ளிருந்து வருகிறதா. அதற்கு இரண்டு வி.எக்ஸ்.லேன் டனல்கள். இயல்பு அமைப்பில் உள்பக்க டனலுக்குப் போர்ட் 10800, எண் 800. வெளிப்பக்கத்துக்குப் போர்ட் 10801, எண் 801. கச்சிதமான வடிவமைப்பு.

சிலியமும் டனல் முறையில் பாடின் பாதுகாப்பு அடையாள எண்ணை வி.என்.ஐ.யிலேயே வைக்கிறது. பெறும் கணு, அனுப்பியவரின் முகவரியைத் தேடி அலையாமல் அந்த எண்ணைக் கொண்டே அனுமதியைத் தீர்மானித்துவிடும்.

நெருக்கடி இரண்டாவது எண் வரும்போது தொடங்குகிறது. ஓ.வி.என். என்ற மெய்நிகர் நெட்வொர்க் மென்பொருள் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதற்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் மூன்று எண்கள் வேண்டும்: எந்த மெய்நிகர் நெட்வொர்க், எந்தப் போர்ட்டில் நுழைந்தது, எந்தப் போர்ட்டில் வெளியேற வேண்டும். ஜெனீவ் உறையில் நெட்வொர்க்குக்கு 24 பிட், நுழைவுக்கு 15, வெளியேற்றத்துக்கு 16 என மூன்றும் அடங்குகின்றன. வி.எக்ஸ்.லேனில் ஓட்டினால் அதே 24 பிட்டை நெட்வொர்க்குக்கு 12, வெளியேறும் போர்ட்டுக்கு 12 என்று பாதியாக வெட்ட வேண்டியிருக்கிறது. நுழைவுப் போர்ட்டுக்கு இடமே இல்லாமல் போகிறது. விளைவு: 4096 நெட்வொர்க் என்ற பழைய எல்லை திரும்பி வந்துவிடுகிறது, நுழைவுப் போர்ட்டை நம்பி எழுதிய அனுமதி விதிகள் மறுமுனையில் வேலை செய்வதில்லை. எதிலிருந்து தப்பிக்க வி.எக்ஸ்.லேன் வந்ததோ அதே எண்ணில் போய் முட்டிக்கொள்வதைப் பார்க்கையில், புலத்தை வெட்டி ஒட்டும் உத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பது புரிகிறது.

வி.எக்ஸ்.லேன் ஹெடரின் ஒதுக்கப்பட்ட பிட்டுகளில் 16 பிட் குழு எண்ணை வைக்கும் நீட்டிப்பும் உண்டு, லினக்ஸ் அதை ஆதரிக்கிறது. இரு முனையும் உங்களுடையதாக இருந்து 24-உம் 16-உம் போதும் என்றால் பரிசீலிக்கலாம். என்.வி.ஜி.ஆர்.இ. என்ற இன்னோர் உறை ஜி.ஆர்.இ.யை நம்பியிருப்பதால் மேலே சொன்ன தடையில் சிக்கும். பாக்கெட்டைப் பல சேவைகள் வழியாக வரிசையாக அனுப்பும் சேவைச் சங்கிலிக்கென்று 2018-இல் ஆர்.எஃப்.சி. 8300-ஆக வந்த என்.எஸ்.எச். வடிவம் சிந்தனையில் அழகானது. ஆனால் வெளியார் ஃபயர்வாலை இணைக்க வேண்டிய கட்டம் வந்தபோது ஏ.டபிள்யூ.எஸ். ஜெனீவையும் அஸூர் வி.எக்ஸ்.லேனையும் எடுத்தன. உங்கள் ஃபயர்வால் விற்பனையாளர் எதை ஆதரிப்பார் என்பதற்கு அதுவே விடை.

ஜெனீவ்: நான் கை காட்டுவது

ஜெனீவ் 2020 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 8926-ஆக வெளிவந்தது. யு.டி.பி. 6081. அடிப்படை ஹெடர் வி.எக்ஸ்.லேனைப் போலவே 8 பைட், அதே 24 பிட் வி.என்.ஐ. வேறுபாடு அதன்பின் வருகிறது. கூடுதல் புலங்களின் மொத்த நீளத்தை 4 பைட் அலகில் சொல்ல 6 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே 252 பைட் வரை சேர்க்கலாம். ஒவ்வொரு புலமும் 4 பைட் தலைப்போடு தொடங்கும்: 16 பிட் வகுப்பு, 8 பிட் வகை, மூன்று ஒதுக்கப்பட்ட பிட்டுகள், 5 பிட் நீளம். வகுப்பு என்பது புலத்தை வரையறுத்த நிறுவனத்தைக் குறிக்கிறது. அதனால் இரு நிறுவனங்கள் ஒரே வகை எண்ணை வைத்தாலும் மோதல் இல்லை.

இதைத் தாளில் மட்டும் பார்க்காமல், ஏ.டபிள்யூ.எஸ். கேட்வே லோடு பேலன்சர் ஃபயர்வாலுக்கு அனுப்பும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். வெளி ஐ.பி.வி4 ஹெடர் 20 பைட், யு.டி.பி. 8, ஜெனீவ் அடிப்படை 8. அதன்பின் மூன்று புலங்கள். முதலாவது, பாக்கெட் நுழைந்த எண்ட்பாயிண்டின் (வாடிக்கையாளரின் நெட்வொர்க்கில் இருக்கும் நுழைவாயில்) 64 பிட் எண்: தலைப்போடு 12 பைட். இரண்டாவது, அட்டாச்மெண்ட் என்ற இணைப்பின் 64 பிட் எண்: இன்னொரு 12. மூன்றாவது, ஓட்டத்தை அடையாளம் காட்டும் 32 பிட் ஃப்ளோ குக்கி: 8. ஆக மொத்தம் 68 பைட். அசல் பாக்கெட் ஒரு பைட்டும் மாறாமல் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஃபயர்வால் பரிசோதனை முடித்ததும் அதே புலங்களோடு திருப்பி அனுப்ப வேண்டும். குக்கி தொலைந்தால் லோடு பேலன்சர் அந்தப் பாக்கெட்டை ஏற்காது.

தொடக்கத்தில் கேட்ட 172.31.4.17 கேள்விக்கு விடை அந்த முதல் புலத்தில் இருக்கிறது. பத்து வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியோடு வந்தாலும் எண்ட்பாயிண்ட் எண்கள் பத்தும் வெவ்வேறு. ஃபயர்வால் விதியை முகவரிக்கு எழுதாமல் எண்ட்பாயிண்டுக்கு எழுதிவிடலாம்.

ஜெனீவில் எனக்குப் பிடித்த இன்னொரு சிறு விஷயம், வகைப் புலத்தின் முதல் பிட். அது 1 என்றால் அந்தப் புலம் இன்றியமையாதது. புரியாத முனை பாக்கெட்டைக் கைவிட்டாக வேண்டும். 0 என்றால் புரியாதவர் தாண்டிப் போகலாம். வாடிக்கையாளர் எண்ணுக்கு 1, தடம் பிடிக்கும் எண்ணுக்கு 0 என்று வைத்தால், பழைய மென்பொருள் ஓடும் கணு வாடிக்கையாளர் எண்ணைக் கவனிக்காமல் பாக்கெட்டை உள்ளே விடும் ஆபத்து வராது. அதேசமயம் தடம் பிடிக்கும் எண் தெரியாததற்காகப் போக்குவரத்தை நிறுத்தவும் செய்யாது. பாதுகாப்புத் தகவலைச் சுமக்கும் வடிவத்துக்கு இது அவசியம் என்றே நினைக்கிறேன். வி.எக்ஸ்.லேனில் இதற்கு ஈடு கிடையாது.

வழியில் இருக்கும் சாதனங்கள் புலங்களைப் படிக்கலாம், மாற்றவோ சேர்க்கவோ கூடாது என்பதும் ஆர்.எஃப்.சி.யின் விதி. ஒவ்வொரு தாவலிலும் நேரத்தைப் பதிந்துகொண்டே போகலாம் என்று கனவு காண்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுதும் உரிமை டனலின் இரு முனைகளுக்கே உண்டு.

குறைகளும் உண்டு. நீளம் மாறும் ஹெடரைப் பிரிப்பது வன்பொருளுக்குச் சுமை. வி.எக்ஸ்.லேனுக்குச் செக்சம் (பிழை சரிபார்ப்பு), பிரிப்பு வேலைகளைத் தானே செய்துதரும் நெட்வொர்க் கார்டு, ஜெனீவில் நீளமான புலங்கள் வந்தால் அதே வசதியைத் தராமல் போகலாம். உங்கள் மெய்நிகர் சர்வர் வகையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல் 200 பைட் புலம் வடிவமைக்காதீர்கள். பெரும்பாலும் 8 முதல் 16 பைட் போதும். எண்ணை மட்டும் அனுப்புங்கள். அதன் பொருள் இரு முனையிலும் இருக்கும் அட்டவணையில் இருக்கட்டும்.

எம்.டி.யு. என்ற விலை

எந்த உறையும் இலவசமாகக் கிடைப்பதில்லை; ஒரு பாதையில் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவான எம்.டி.யு.வில் அது இடம் பிடிக்கும். வி.எக்ஸ்.லேன் ஐ.பி.வி4-இன் மேல், உள்ளே இருக்கும் ஈதர்நெட் ஹெடரின் 14 பைட்டும் சேர்த்து, 50 பைட் எடுக்கும். 1500 பைட் பாதையில் உள் நெட்வொர்க்குக்கு மிஞ்சுவது 1450. ஜெனீவில் 8 பைட் மதிப்புள்ள ஒரு புலத்தைச் சேர்த்தால் 62 பைட் போய் 1438. கூகுள் கிளவுடில் இயல்பு எம்.டி.யு. 1460 என்பதால் அங்கே 1398 ஆகிவிடும். ஏ.டபிள்யூ.எஸ். வி.பி.சி.க்குள் 9001 வரை போகலாம். கேட்வே லோடு பேலன்சர் 8500 பைட் வரை ஏற்கும், ஆகவே ஃபயர்வாலின் இடைமுகம் குறைந்தது 8568-ஐத் தாங்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தவறவிட்டால் வரும் கோளாறு கொடுமையானது. பிங் போகும், எஸ்.எஸ்.எச். இணையும், சிறிய பக்கங்கள் திறக்கும். பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைந்து நிற்கும். "பாக்கெட் பெரிது, பிரித்து அனுப்பு" என்று சொல்லும் ஐ.சி.எம்.பி. செய்தியை ஏதோ ஒரு பாதுகாப்பு விதி தடுத்திருக்கும். இதனால்தான் சிலியம் தன் ஐ.பி. புல முறையில் டி.சி.பி. இணைப்புக்குச் சின் பாக்கெட்டில் மட்டும் முகவரியை வைத்து, மீதிப் பாக்கெட்டுகளைத் தொடாமல் விடுகிறது. இணைப்புக்கு இணைப்பு மாறாத தகவலை ஒவ்வொரு பாக்கெட்டிலும் சுமக்க வேண்டுமா என்பது எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

வெளி யு.டி.பி.யின் மூலப் போர்ட்டையும் கவனியுங்கள். உள் இணைப்புக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறாத போர்ட்டை வைத்துவிட்டால் டனல் முழுவதும் ஒரே ஓட்டமாகக் கணக்கிடப்படும், ஏ.டபிள்யூ.எஸ்-இல் நெருக்கக் குழுவுக்கு (சர்வர்களை அருகருகே வைக்கும் அமைப்பு) வெளியே ஓர் ஓட்டத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 5 ஜி.பி.பி.எஸ். பெரிய சர்வர் வாங்கியும் வேகம் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பாக்கெட்டைத் தொடாத வழிகள்

தகவலைப் படிக்க வேண்டியவர் ஃபயர்வாலோ கணுவோ இல்லாமல் பயன்பாடு மட்டும்தான் என்றால், டனல் போடுவது தேவையற்ற சுமை. பிராக்ஸி புரோட்டோகால் இரண்டாம் பதிப்பு போதும். டி.சி.பி. இணைப்பு தொடங்கியதும் முதல் பைட்டுகளாக 12 பைட் முத்திரையும், முகவரிகளும், விருப்பமான டி.எல்.வி. (வகை, நீளம், மதிப்பு என அமைந்த) புலங்களும் வரும், அதன்பின் வழக்கமான தரவு. எம்.டி.யு. கவலையில்லை.

முகவரி மோதும் சிக்கலை மூன்று பெரிய கிளவுடுகளும் தனி இணைப்புச் சேவையில் இதே வழியில்தான் தீர்த்திருக்கின்றன. ஏ.டபிள்யூ.எஸ். பிரைவேட்லிங்க் தன் டி.எல்.வி.யில் வி.பி.சி. எண்ட்பாயிண்டின் அடையாளத்தையும், அஸூர் தன் இணைப்பு எண்ணையும், கூகுள் தன் இணைப்பு அடையாளத்தையும் வைக்கின்றன. சேவையை விற்பவர் அதைப் படித்தாலே எந்த வாடிக்கையாளர் என்று தெரிந்துவிடும். என்ஜின்எக்ஸ், எச்.ஏ.பிராக்ஸி, என்வாய் ஆகிய பிராக்ஸி மென்பொருள்கள் மூன்றும் இந்த நெறிமுறையைப் புரிந்துகொள்கின்றன. குறை ஒன்றுதான்: இரு பக்கமும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும். எதிர்பார்க்காத சர்வருக்கு அந்த முதல் பைட்டுகள் குப்பையாகத் தெரியும், இணைப்பை வெட்டிவிடும்.

எச்.டி.டி.பி. மட்டுமே என்றால் ஹெடரில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். தடம் பிடிக்க, இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி-இன் டிரேஸ்பேரண்ட் ஹெடர் இருக்கிறது. அதை பாக்கெட் மட்டத்தில் மீண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

யாரை நம்புவது

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வி.எக்ஸ்.லேனிலும் ஜெனீவிலும் கையொப்பம் கிடையாது. வி.பி.சி.க்குள் யு.டி.பி. 6081-ஐ எல்லாருக்கும் திறந்துவைத்தால், உள்ளே இருக்கும் எந்த மெய்நிகர் சர்வரும் தனக்குப் பிடித்த வாடிக்கையாளர் எண்ணை எழுதி அனுப்பலாம். அந்தப் போர்ட்டை டனல் முனைகளின் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் திறப்பது குறைந்தபட்சம். பணம், மருத்துவப் பதிவு போன்றவை ஓடும் இடத்தில் கணுக்களுக்கிடையே ஐ.பி.செக் அல்லது வயர்கார்டு குறியாக்கமும் வேண்டும். பிராக்ஸி புரோட்டோகாலுக்கும் இதே விதி: லோடு பேலன்சரின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்பு. எச்.டி.டி.பி. ஹெடர் என்றால் எல்லையில் வெளியிலிருந்து வந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுது.

பயனர் ஒருவரின் உரிமையையே அந்த எண்ணை வைத்துத் தீர்மானிக்கும் நிலை வந்தால் நான் பாக்கெட் ஹெடரை நம்பமாட்டேன். இருபுறமும் சான்றிதழ் காட்டும் டி.எல்.எஸ்.தான் சரி. ஹெடர் எண் போக்குவரத்தை வழிநடத்தவும் வடிகட்டவும் ஏற்றது, ஆளை உறுதிசெய்ய ஏற்றதல்ல.

ஏற்கெனவே வி.எக்ஸ்.லேனில் ஓடிக்கொண்டிருக்கும் குழுக்கள் ஜெனீவுக்கு வர ஒரே இரவில் மாற வேண்டியதில்லை. 4789-உம் 6081-உம் வேறு வேறு போர்ட் என்பதால் ஒரே கணுவில் இரண்டு டனலும் அருகருகே ஓடும். முதலில் உள் எம்.டி.யு.வை ஜெனீவ் கணக்குக்கு, அதாவது 1500 பைட் பாதையில் 1438-க்கு, எல்லாக் கணுக்களிலும் குறைத்துவிடுங்கள்; வி.எக்ஸ்.லேன் அதனால் பாதிக்கப்படாது. பிறகு, பிரிக்கக்கூடாது என்ற குறியோடு 1410 பைட் தரவுள்ள பிங் (ஹெடர்களின் 28 சேர்ந்தால் 1438) உள் நெட்வொர்க்கின் இரு முனைக்கும் போய்வருகிறதா என்று பாருங்கள். அது போனபின் ஒரு கணுச் சோடியை மட்டும் ஜெனீவுக்கு மாற்றி, சோதனைக்கென ஒதுக்கப்பட்ட வகுப்பு எண்ணில் உங்கள் புலத்தை வைத்து, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் அதைச் சரியாகப் பிரித்துக் காட்டுகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். புலத்தின் முதல் பிட்டை அந்தக் கட்டத்தில் 0-ஆகவே விட்டுவையுங்கள். எல்லாக் கணுக்களும் புதிய மென்பொருளுக்கு வந்தபிறகு அதை 1 ஆக்கலாம்.